கறுப்பாக இருந்தால் எல்லாம் ஒன்றா?

நஃப்தலான் ஊர்க் கச்சா எண்ணெயை எரிப்பதற்கென்று யாரும் தேடி வருவதில்லை. அதைத் தொட்டியில் ஊற்றி, இளஞ்சூடாக்கி, கழுத்துவரை அமிழ்ந்து உட்காரத்தான் வருகிறார்கள். மூட்டுவலிக்கும் தோல்நோய்க்கும் பத்து நாள், நாளைக்குப் பத்து நிமிடம்.

அப்படி வந்த மெலெய்கேவுக்கு ஏழு குளியலில் முழங்கைச் செதில்கள் உதிர்ந்து தோல் தெளிந்துகொண்டு வந்தது. எட்டாம் நாள் காலை தொட்டியிலிருந்து எழுந்தவளுக்கு இரண்டு கையிலும் கொப்புளம். அலறிக்கொண்டு குளியல் விடுதியின் சோதனைக்கூடத்துக்கு ஓடி வந்தாள்.

அங்கே இருபது வருடமாக எண்ணெய் சோதிக்கும் சும்ருத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தின நாள் புது எண்ணெய் லாரி ஒன்று வந்திருந்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தலைமை மருத்துவர் தொட்டிகளை நிரப்பச் சொல்லிவிட்டார். தொட்டியிலிருந்து ஒரு குடுவை மொண்டு வந்து, பழைய எண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தாள். குடுவையைச் சாய்த்தால் பழையது மெல்ல நகர்ந்தது. இது தண்ணீராய் ஓடியது. பால்மானி மாதிரியான அளவுக்குழல் பழையதில் உயர்ந்து நின்றது. இதில் பொசுக்கென்று அமிழ்ந்தது. காய்ச்சினாள். இருநூறு டிகிரி வரைக்கும் பழையதில் ஒரு சொட்டு வடியாது. இதிலோ எழுபதிலேயே பெட்ரோல் சொட்டியது. இதிலா மனுஷரை உட்கார வைத்தான், படுபாவி!

குடுவையும் கையுமாகக் குளியல் கூடத்துக்குப் போனாள். மெலெய்கேவும் கூடவே போனாள். அடுத்த முறைக்காக ஏழெட்டுப் பேர் அங்கியோடு காத்திருந்தார்கள். தலைமை மருத்துவர் விலாயத் நடுவில் நின்றார்.

"டாக்டர், இது நம்ம எண்ணெயே இல்ல. எங்கேருந்து வந்துச்சு?"

"எண்ணெய்னா எண்ணெய்தான், சும்ருத். கறுப்பாத்தானே இருக்கு?"

"தாரும்தான் கறுப்பா இருக்கு. குளிப்பீங்களா?"

யாரோ சிரித்தார்கள். விலாயத்தின் முகம் சிவந்தது. "இந்தம்மா தக்காளி ஏதாச்சும் தின்னிருப்பாங்க. அது ஒத்துக்காமத்தான் பொங்கியிருக்கு."

"தக்காளியா?" மெலெய்கே சீறினாள். "எட்டு நாளா உங்க உப்பில்லாத கஞ்சியைத்தான் குடிக்கிறேன். தக்காளிய கனவுலகூடப் பாக்கல!"

சும்ருத் முன்னால் வந்தாள். "சரி டாக்டர். நல்ல எண்ணெய்தானே? முழங்கை வரைக்கும் கைய விடுங்க. பத்தே நிமிஷம். ஒண்ணும் ஆகலேன்னா நான் இன்னைக்கே வேலைய விட்டுப் போயிடறேன்."

எல்லாரும் தொட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். தட்டிக்கழிக்க வழியில்லை. விலாயத் கடிகாரத்தைக் கழற்றினார். சட்டைக் கையை ஒரு மடிப்பு மடித்தார், இன்னொரு மடிப்பு மடித்தார். குனிந்தார். பெட்ரோல் நெடி மூக்கில் ஏறியது. விரல் எண்ணெய்க்கு ஒரு சாண் மேலே அப்படியே நின்றது. பிறகு மடிப்பை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

மெலெய்கே கொப்புளம் வெடித்த இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அப்போ தெரிஞ்சேதானேடா எங்கள இதுல இறக்கினே!"