நூர் முஹம்மது துறந்த ஞாயிறு

மனிதகுலத்தின் வரலாறு என்பது தந்தைகள் தங்கள் மகன்களுக்காகத் துறந்தவற்றின் வரலாறு. சிலர் அரியணையைத் துறந்தார்கள். சிலர் நாட்டையே துறந்தார்கள். தி.நகரில் சூட்கேஸ் கடை வைத்திருக்கும் நூர் முஹம்மது ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தைத் துறந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும்.

இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் ஞாயிறு சாயங்காலம் தி.நகர் பக்கம் வந்தது கிடையாது. வாரம் பூராவும் ஈ ஓட்டுகிற கடைகூட அன்றைக்கு நிமிர்ந்து உட்காரும். கல்யாணத்துக்கு வாங்குகிறவர்கள், துபாய்க்குப் போகிறவர்கள், துணி எடுத்து முடித்து அதைப் போட்டுக்கொண்டு போக ஒரு பை தேடுகிறவர்கள் என்று ஜனம் அலை அலையாக உள்ளே வரும். அந்த நேரத்தில் முதலாளி கல்லாவை விட்டு எழுந்து மகனோடு ஊர் சுற்றக் கிளம்புகிறார் என்றால் ஒன்று அவருக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும், இல்லை அவர் மகானாக இருக்க வேண்டும். நூர் முஹம்மது இரண்டாவது என்று முடிவு செய்தவர் நூர் முஹம்மதுதான்.

போன மாதம் வியாபாரிகள் சங்கமும் அதை ஒப்புக்கொண்டது. ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தி, 'முன்மாதிரித் தந்தை' என்று கேடயம் கொடுத்தார்கள். மைக்கைப் பிடித்த நூர் முஹம்மது சொன்னார்: "மற்றவர்கள் நோட்டு எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், நான் என் மகனின் புன்னகையை எண்ணிக்கொண்டிருந்தேன்." கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. முன் வரிசையில் இருந்த அவருடைய மைத்துனன் அப்துல் சமத், கடையில் அவருக்கு அடுத்தபடி இருப்பவன், கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கக் குனிந்துவிட்டான். அவ்வளவு உருகிவிட்டான் பாவம் என்று நூர் முஹம்மதுவுக்கே கண் கலங்கியது.

மகன் பெயர் சைஃப். பதினொன்றாம் வகுப்பு. மீசை வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற வயசு. ஞாயிறு மத்தியானம் லுஹர் தொழுகை முடித்து, பிரியாணி சாப்பிட்டு, ஆழ்வார்பேட்டை வீட்டிலிருந்து இரண்டு பேரும் ஸ்கூட்டரில் கிளம்புவார்கள். ஓட்டுவது நூர் முஹம்மது. வழி சொல்வது சைஃப். ஒரு வாரம் அடையாறு ஆற்று ஓரம், ஒரு வாரம் பெசன்ட் நகர் கடற்கரை, ஒரு வாரம் மயிலாப்பூர் குளத்தைச் சுற்றி ஒரு நடை, பிறகு ஜூஸ். தி.நகர் பக்கம் மட்டும் வண்டி திரும்பவே திரும்பாது. "அங்கே ஒரே டிராஃபிக் அத்தா" என்பான் பையன். கடைக்காரன் மகனுக்குக் கடைமேல் இருக்கும் இந்தப் பற்றின்மை நூர் முஹம்மதுவுக்குப் பெருமையாக இருந்தது.

வீடு திரும்பும் முன் ஒரு சடங்கு உண்டு. ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று ஆளுக்கு ஒரு விஷயத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். "அல்லாஹ் எனக்குக் கொடுத்த இந்தப் பிள்ளைக்கு, இந்தக் கடலுக்கு, இந்தக் கடலைப் பார்க்கிற கண்ணுக்கு, அல்ஹம்துலில்லாஹ்" என்று அவர் ஆரம்பித்தால் பக்கத்து வண்டிக்காரர் வண்டியை எடுக்க முடியாமல் நிற்பார். பையன் சுருக்கமாக முடிப்பான். "காத்து நல்லா அடிச்சுது." போன வாரம், "சிக்னல் பச்சையாவே இருந்துச்சு."

ஆனால் நடுவில் பையன் கேள்வி கேட்பான். அதுதான் நூர் முஹம்மதுவின் உயிர். இந்தக் காலத்தில் எந்த வீட்டுப் பிள்ளை அப்பனிடம் கேள்வி கேட்கிறது? சைஃப் கேட்பான். சரியாக எழுந்திருக்கலாம் என்று அவர் முழங்காலில் கையை ஊன்றும் நேரத்தில், "அத்தா, நீங்க கடை ஆரம்பிச்ச கதையைச் சொல்லவே இல்லையே" என்பான். அவர் மறுபடி உட்காருவார். சூரியன் அவர் முடிக்கும்வரை காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

இந்த ஞாயிறு மயிலாப்பூர். குளத்தைச் சுற்றி வந்து, ஜூஸ் கடை வாசலில் ஆளுக்கு ஒரு சாத்துக்குடி சொன்னார்கள். சைஃப் தன் போனை ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்துவிட்டுக் கை கழுவ உள்ளே போனான். போன் அடித்தது. 'மாமா' என்று வந்தது. சமத்தானே என்று நூர் முஹம்மது எடுத்துக் காதில் வைத்தார். ஹலோ சொல்லக்கூட இடம் கிடைக்கவில்லை.

"டேய் சைஃபு, எங்கடா கீறீங்க? மைலாப்பூரா? அங்கியே சுத்திக்கினு இரு. கடையில துபாய் பார்ட்டி வந்துகீது, பெரிய பெட்டியாப் பாத்துக்கினு இருக்காங்க. இந்த நேரம் பாத்து உங்க அத்தா வந்தாருன்னு வெச்சுக்கோ, பெட்டிய வெச்சுட்டுக் கண்ணத் தொடச்சிக்கினு போயிடுவாங்க. இன்னும் ஒரு மணி நேரம் புடிச்சு வையி. அந்தக் கடை ஆரம்பிச்ச கதையக் கேளு, அது நல்லா இழுக்கும். இன்னாடா, கேக்குதா?"

"கேக்குது" என்றார் நூர் முஹம்மது.



"அஸ்ஸலாமு அலைக்கும், மச்சான்" என்றான் அப்துல் சமத்.

நூர் முஹம்மது பதில் ஸலாம் சொன்னார். எந்த நிலையிலும் அது கடமை. பிறகு போனை எங்கிருந்து எடுத்தாரோ அங்கேயே வைத்தார். ஜூஸ் கடைப் பையன் இரண்டு கிளாஸைக் கொண்டுவந்து நீட்டினான். வாங்கத் தோன்றவில்லை. "சார், புடிங்க சார், கை நோவுது" என்றான் அவன்.

சைஃப் கையை உதறிக்கொண்டே வந்தான். அத்தாவின் முகத்தைப் பார்த்தான், பிறகு போனைப் பார்த்தான்.

"போன் வந்துச்சா?"

"வந்துச்சு."

"யாரு?"

"உன் முதலாளி."

பையனுக்கு ஒரு குணம் உண்டு, மாட்டிக்கொண்டால் பொய் சொல்ல வராது. அது அவன் அம்மா வழி இல்லை என்பது நூர் முஹம்மதுவுக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் உறைக்கப்போகிறது.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"எட்டாவதுலேர்ந்து."

"யாரு யோசனை?"

"அம்மா."

"உனக்கு என்ன கொடுக்கிறாங்க?"

"ஞாயித்துக்கிழமை டியூஷன் வேணாம்னாங்க."

நூர் முஹம்மது ஜூஸ் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "டியூஷனுக்கு நான் பரவாயில்லையா?"

சைஃப் நேர்மையாக யோசித்தான். "கெமிஸ்ட்ரிக்குப் பரவாயில்ல அத்தா."

"அப்போ அந்தக் கேள்வியெல்லாம்? நான் என்ன படிச்சேன், முதல் பெட்டியை யாருக்கு வித்தேன், எல்லாம்?"

"மாமாதான் சொல்லிக் குடுத்தாரு." அப்புறம் என்ன தோன்றியதோ, "கடல்ல காலை நனைக்கலாம்னு சொன்னதெல்லாம் நானே சொன்னதுதான்" என்றான்.

அதற்கு மேல் நூர் முஹம்மதுவின் காதில் எதுவும் விழவில்லை. அவருக்குள் ஒரே கணக்குதான் ஓடியது. கடைக்கு அவர் வேண்டியவர் என்றால்தான் அவர் விட்டுக்கொடுத்தது தியாகம். வேண்டாதவர் என்றால், அவர் துறந்தது எதுவுமே இல்லை. அவரைத்தான் எல்லோரும் கூடித் துறந்திருக்கிறார்கள். சங்கம் போர்த்திய பொன்னாடை, கேடயம், அந்தப் புன்னகை வசனம், அத்தனையும் நிற்பதும் விழுவதும் இதில் இருந்தது. இன்றைக்கு, இந்தக் கூட்டத்தில், தன் வாயால் ஒரே ஒரு பெட்டி விற்றுவிட்டால் போதும்.

"ஏறு" என்றார்.

"எங்கே அத்தா?"

"கடைக்கு."

"அங்கே ஒரே டிராஃபிக்..." என்று பழக்கத்தில் ஆரம்பித்து, பையன் வாயை மூடிக்கொண்டான்.

வாசலில் பை மாட்டிக்கொண்டிருந்த கடைச் சிப்பந்தி முருகையன் முதலாளியைப் பார்த்ததும் கொக்கியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான். உள்ளே இருந்த கூட்டத்தைப் பார்த்து நூர் முஹம்மதுவும் நின்றுவிட்டார். தன் கடையில் இத்தனை பேரை அவர் பார்த்ததே இல்லை. அவருடைய நாற்காலியைக் காணோம். அது இருந்த இடத்தில் சக்கரம் வைத்த பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள், வரிசை கட்டி விற்பனையாகிக்கொண்டிருந்தன. கல்லாவில், கண்ணாடியை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு, பில்லைக் கிழித்து ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் மிச்சம் எடுத்துக்கொண்டிருந்தது அவருடைய மனைவி ஜஹனாரா. ஞாயிறு மத்தியானம் தலைவலி, படுத்துத் தூங்க வேண்டும் என்று அவரை வழியனுப்பிவைத்த ஜஹனாரா.

அவளும் நிமிர்ந்து பார்த்தாள். வாயிலிருந்து வந்தது, வருகிற எல்லோரிடமும் சொல்கிற அதே "வாங்க, வாங்க."

"தூங்கணும்னு சொன்னியே?"

"தூங்குவேனே. திங்கக்கிழமை."

அப்துல் சமத் ஒரு அலமாரிக்குப் பின்னால் போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து அவன் குரல் மட்டும் வந்தது. "மச்சான், டீ சொல்லட்டா?"

"வேண்டாம். நான் கஸ்டமர் பார்க்கிறேன்."

கடை முழுக்க ஒரு நடுக்கம் பரவியது. துபாய் பார்ட்டி என்பது ஒரு இளம் தம்பதி. பெரிய சிவப்புப் பெட்டி அவர்கள் முன்னால் திறந்து கிடந்தது, பில் போடுவதுதான் பாக்கி. நூர் முஹம்மது தொண்டையைச் செருமிக்கொண்டு அவர்களை நெருங்கினார். பெட்டியின் மூடியைப் பாசமாகத் தடவினார். விற்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். அவருக்கே தெரியும். ஆனால் நாக்கு வேறு வழியில் போய்ப் பழகியிருந்தது.

"இவ்வளவு பெரிசு எதுக்கு தம்பி? மனுஷன் போகும்போது எதை எடுத்துக்கிட்டுப் போறான்?"

"துபாய்க்கு சார்" என்றான் கணவன்.

"அது தெரியும். நான் சொல்றது கடைசியா போறது." பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "அம்மா அப்பாவை இங்கே விட்டுட்டா போறீங்க? அவங்களை யாரு பார்ப்பா?"

அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர் முட்டியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்புறமா வர்றோம்" என்று சொல்லி, வாசலுக்குப் போகும் வழியிலேயே அவள் தன் அம்மாவுக்குப் போன் போட்டாள். ஜஹனாரா நெற்றிக் கண்ணாடியை இறக்கிக் கண்ணுக்குப் போட்டுக்கொண்டாள்.

அடுத்து வந்த பெரியவரிடம் ஜிப்பின் தரத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, எந்த ஜிப்பும் நிரந்தரமில்லை என்று முடித்தார். பெரியவர் உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாகக் கேட்டுவிட்டு, வெளியே இருந்த காலின் பக்கமே போனார். மூன்றாவதாக வந்த கல்யாண வீட்டுப் பெண்கள் நான்கு பேரும் இவர் நெருங்கி வருவதைப் பார்த்ததுமே, "சமத் அண்ணன் இல்லியா?" என்றார்கள். ஒவ்வொரு முறையும் நூர் முஹம்மது திகைத்தார். நெருப்பு சுடும் என்று இந்த வயசில் முதல் தடவையாகத் தெரிந்துகொள்கிறவர் மாதிரி நின்றார். விற்க வேண்டும் என்று எவ்வளவு கவனமாக ஆரம்பித்தாலும் வாய் வாழ்க்கையில் போய் நின்றது.

சைஃப் வாசலில் ஓரமாக நின்று போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். பிறகு எங்கோ போய்விட்டான்.

சாயங்காலம் மக்ரிபு தொழுகைக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஒரு பையன் வேர்த்து விறுவிறுக்க உள்ளே வந்தான். நேராக நூர் முஹம்மதுவிடம் வந்தான். "அங்கிள், ஸ்கூல் பேக் வேணும்."

நூர் முஹம்மது எச்சரிக்கையாக ஒரு நீலப் பையை எடுத்து வைத்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். முடியவில்லை. "தம்பி, பை எவ்வளவு பெரிசுங்கிறது முக்கியமில்ல. அதுக்குள்ளே எதைச் சுமக்கிறோம்கிறதுதான்..."

"சொல்லுங்க அங்கிள்" என்றான் பையன்.

நூர் முஹம்மது சொன்னார். சுமை பற்றி, நன்றி பற்றி, கடை ஆரம்பித்த கதையை முதலிலிருந்து கடைசி வரை. பையன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். நடுவில், "அப்புறம் என்ன ஆச்சு?" என்றுகூடக் கேட்டான். கடையில் வேலை நின்றுவிட்டது. முருகையன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ எந்த ஸ்கூல் தம்பி?"

பையன் சொன்னான்.

"அட, என் மகனும் அங்கேதான்! சைஃப். பதினொண்ணாவது. தெரியுமா?"

"பார்த்திருக்கேன் அங்கிள்."

"நல்ல பையன். அவனோட பழகு" என்றார் நூர் முஹம்மது. பில்லைத் தன் கையாலேயே போட்டார். பேரம் பேசாமல் நோட்டை நீட்டிய பையன் பையை வாங்கி மாட்டிக்கொண்டு போனதும், கல்லாப் பக்கம் திரும்பி, மார்பை நிமிர்த்தி, சங்கத்து மேடையில் நின்ற மாதிரி நின்றார். ஜஹனாரா அடுத்த பில்லைக் கிழித்தாள். அப்துல் சமத் மட்டும் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு அலமாரிப் பக்கம் குனிந்தான்.

அடுத்த வாரத்திலிருந்து மறுபடியும் ஞாயிற்றுக்கிழமையைத் துறப்பதாக நூர் முஹம்மது அன்றைக்கே எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தார். இனி அதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது.

திங்கட்கிழமை சாயங்காலம், நூர் முஹம்மது தொழப் போயிருந்த நேரம் பார்த்து, அந்தப் பையன் பையைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தான். அப்துல் சமத் பணத்தை சைஃபிடம் கொடுத்துவிட்டான். பையன் பெயர் ஃபைசான். எட்டாம் வகுப்பிலிருந்து சைஃபுக்குப் பக்கத்தில் உட்காருகிறவன். நூர் முஹம்மதுவுக்கு அவனைத் தெரியாது.