எரல் பாஸ்கோவுக்கு மண் அணைத்த கோடை

மழை பொய்த்த ஏழாவது வருடம், எங்கள் பக்கத்தில் கோடை தொடங்குகிற நவம்பர் மாதத்தில், எரல் பாஸ்கோ தன் வீட்டுக்குப் பின்னால் உருளைக்கிழங்குப் பாத்தியில் வேர் விட்டான். இரண்டு காலிலும் விட்டது, இடது காலில் கொஞ்சம் முந்தி. அந்த வருடம் எங்கள் ஊரான குர்ராங்கில் வைக்கோல் விலை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஏரி வற்றிப்போய் படகுக் கிளப்பை இழுத்துப் பூட்டியிருந்தார்கள். அதனால் எரலைப் பற்றி ஊரில் ஒரு வாரம் பேச்சு இருந்தது, அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய கோடை வரை அவனுக்கு ஊருக்கு வெளியே பண்ணை இருந்தது, ஆடுகள் இருந்தன. தீவனம் தீர்ந்தது. சந்தைக்கு லாரி வைத்தால் லாரி வாடகைக்கே ஆடு காணாது என்றார்கள். எரல் ஒரு குழி வெட்டி, மிச்சமிருந்த பெட்டை ஆடுகளை அதன் கரையில் நிறுத்தித் தானே சுட்டான். மத்தியானம் வரை ஆனது. வீட்டுக்கு வந்து கை கழுவினான், டீ கேட்டான், குடித்தான். பிறகு நிலத்தையும் விற்றுவிட்டு மனைவி நோரீனோடு ஊருக்குள் சின்ன வீடு ஒன்றுக்கு வந்தான். எங்கள் பக்கத்தில் ஒருவன் தன் மந்தையைத் தானே முடித்துவிட்டால், பக்கத்து வீட்டுக்காரன் போய் அவனுடைய துப்பாக்கியை இரவல் கேட்பது வழக்கம். ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக் கிளாரி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போனான்.

"முயல் தொல்லை தாங்கலப்பா. உன் துப்பாக்கிய ஒரு வாரம் குடேன்."

கிளாரி வீட்டு முற்றம் பூராவும் சிமெண்டு. முயல் வந்தால் அதற்குக் கால்தான் சுடும். எரல் துப்பாக்கியோடு தோட்டாப் பெட்டியையும் எடுத்துக் கொடுத்து, "வச்சுக்கோ, அவசரமில்ல," என்றான். கிளாரி அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை, எரலும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் எரல் பின்பக்கம் ஒரே ஒரு நீளப் பாத்தி போட்டு விதைக் கிழங்கு ஊன்றினான். அப்போது ஊன்றினால்தான் கிறிஸ்துமஸுக்குத் தோண்ட முடியும். கிறிஸ்துமஸ் காலையில் வீடே கூடி நின்று முதல் கிழங்கைத் தோண்டி, புதினாப் போட்டு வேகவைத்து வெண்ணெயோடு தின்னாத வீடு எங்கள் ஊரில் கிடையாது. அதற்கு முன்னால் பாத்தியில் கிழங்கு தோண்டும் முள்ளுமண்வெட்டியை வைப்பவனை நாங்கள் மனிதனாக மதிப்பதில்லை. குழாய்த் தண்ணீரைத் தோட்டத்துக்கு விடக்கூடாது என்று உத்தரவு இருந்ததால், எல்லா வீட்டிலும் போல இவர்களும் குளிக்கிற தண்ணீரை வாளியில் பிடித்துத்தான் ஊற்றினார்கள். எரல் மாலையில் பாத்தி ஓரம் செருப்பைக் கழற்றிவிட்டு ஊற்றுவான். ஊற்றிய பின்னும் வெகுநேரம் அங்கேயே நிற்பான். ஒரு மாலை நோரீன் சாப்பிடக் கூப்பிட்டாள். "வரேன்," என்றான். வரவில்லை.

செடிக்கு மண் அணைக்க வேண்டிய பருவம் அது, தள்ளிப்போடக் கூடாது. மறுநாள் நோரீன் மண்வெட்டியோடு போனாள். நகரச் சொன்னாள், அவன் நகரவில்லை. அவளுக்கு வந்த கோபத்தில் செடிகளோடு சேர்த்து அவன் கால் மேலும் மண்ணை அள்ளி அணைத்துக்கொண்டே போனாள். சாயங்காலம் மனசு கேட்காமல் மண்ணை விலக்கிக் காலைத் தூக்கப் பார்த்தபோது குதிகாலிலிருந்து வெள்ளை நூல் நூலாக மண்ணுக்குள் போயிருந்தது. சேமியாவை விடக் கொஞ்சம் தடிமன். நோரீன் மண்ணை மறுபடி மூடினாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. ஆடுகளைச் சுட்ட நாள் முதல் அவள் விழிப்பு வரும்போதெல்லாம் பக்கத்தில் ஆள் இருக்கிறானா என்று தடவிப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவள். இப்போது அடுப்படி ஜன்னலிலிருந்தே அவனைப் பார்க்கலாம். எங்கேயும் போய்விட மாட்டான். அன்றைக்கு அவள் விடிந்து வெயில் ஏறும்வரை தூங்கினாள்.

ஊர் ஆண்கள் வந்து வேலியில் சாய்ந்து நின்று பேசிவிட்டுப் போனார்கள். கிரிக்கெட் பற்றி, வடக்குக் காற்று பற்றி, யார் வீட்டு ஆழ்குழாய் வற்றியது என்பது பற்றி. முழங்கால் வரை மண்ணுக்குள் இருப்பவனிடம் அதைப் பற்றிக் கேட்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. கிளாரி மட்டும் ஒரு தடவை, "மண்ணு கொஞ்சம் இறுகலா இருக்கு போல?" என்று கேட்டுவிட்டு, ரொம்பக் கேட்டுவிட்டோமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். எரல் அவர்களைப் பார்த்துத் தலையசைப்பான். மழை மேகத்தையும் அப்படித்தான் பார்த்தான், அது கலைந்துபோனதையும் அப்படித்தான் பார்த்தான். நோரீன் அவன் மூக்குக்கு வெயில் களிம்பு பூசினாள், தொப்பி வைத்தாள், கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். அவள் பேசிக்கொண்டேயிருப்பாள். அவனுக்கு ஊசி குத்தினாலும் தெரியாது என்று நர்ஸ் வந்து குத்திப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஊர் பூராவும் காய்ந்து கிடக்க ஒரு பாத்தி மட்டும் பச்சையாக இருந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? எவனோ போட்டுக்கொடுத்துவிட்டான். தண்ணீர் ஆய்வாளர் என்று ஓர் இளம்பெண் வந்து பாத்தியைச் சுற்றிப் பார்த்தாள்.

"மனுஷனுக்கு எவ்ளோ வேணா தண்ணி குடுக்கலாம்மா. செடிக்குக் குழாய்த் தண்ணி கூடாது. இவரு இதுல எதுல சேர்த்தி?"

"என் புருஷன்ல சேர்த்தி," என்றாள் நோரீன்.

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப வாய் வழியாத்தான் குடுக்கணும். கால்ல ஊத்தினா நான் வந்து கேக்க வேண்டியிருக்கும்."

"அவரு குடிக்கறப்ப சிந்தினா?"

"சிந்தறத எல்லாம் யாரு பாக்குறா," என்று சொல்லிவிட்டு அவள் வண்டி ஏறினாள். அதன் பிறகு எரல் நிறையச் சிந்தினான்.

டிசம்பரில் வடக்குக் காற்று அடுப்புக் கதவைத் திறந்த மாதிரி அடித்தது. செடிகள் பழுக்க ஆரம்பித்தன. கீழ் இலை முதலில், அப்புறம் தண்டு. எரலும் பழுத்தான். விரல் நுனியிலிருந்து மஞ்சள் ஏறி முழங்கை தாண்டியது, கன்னம் சருகாக ஒட்டியது. செடி படுத்துவிட்டால் கிழங்கு தயார் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கிழங்கு தயாரானால் செடி என்ன ஆகும் என்பதும் தெரியும். நோரீன் முதன்முதலாகப் பயந்துபோய் கிளாரியிடம் கேட்டாள்.

"இப்பவே தோண்டிடட்டுமா?"

"எரலு கிழங்கா செடியா, அதானே தெரியல நோரீன். கிழங்குன்னா தோண்டினா பொழைச்சான். செடின்னா..." என்று கிளாரி பாதியில் நிறுத்தி, காற்று திசை மாறுமா என்று மேலே பார்த்தான்.

"செடின்னா சொல்லித் தொலையேன்!"

கிளாரி தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் நடந்தான்.

கிறிஸ்துமஸ் காலையில் தெருவே முள்ளுமண்வெட்டிகளோடு வந்து நின்றது. நோரீன் எல்லோரையும் வேலிக்கு வெளியே நிறுத்தினாள். முள்ளு ஒன்று பாதத்தில் ஏறினால் என்ன ஆகும்? அவள் மண்டியிட்டு இரண்டு கையாலும் பக்கவாட்டில் துளைத்தாள். செடியை அசைக்காமல் அடியில் கைவிட்டுக் கிழங்கை மட்டும் உருவுவதை நாங்கள் பெருச்சாளி வேலை என்போம். அடுத்தவன் தோட்டத்தில் திருடத்தான் அது வழக்கம். அவள் சொந்தப் புருஷனின் குதிகாலிலிருந்து ஒரு வேரைப் பிடித்துக்கொண்டே போனாள். நுனியில் கோழி முட்டை அளவுக்கு ஒரு கிழங்கு. ஒடித்தாள். எரல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான். இன்னொன்றை ஒடித்தாள். அவன் கண் இமைக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தாள். இவன் செடிதான் போலிருக்கிறது, நான்தான் இவனை முடித்துக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் கை நிற்கவில்லை. இடது பாதத்தின் குழிவில் ஒன்று சதையோடு ஒட்டியே விளைந்திருந்தது. அதைப் பிடித்துத் திருகினாள்.

"ஆ!" என்றான் எரல்.

நோரீனின் கை மண்ணுக்குள்ளேயே நின்றது. "என்ன சொன்ன?"

"வலிக்குது நோரீன்."

"நெசமாவா? எங்க வலிக்குது?"

"எல்லா எடத்துலயும்." அவன் உதடு கோணிக்கொண்டு போனது. "அந்தக் கடைசி ஆடு ஓடவே இல்ல. நான் தீவனம் கொண்டாந்திருக்கேன்னு நெனச்சு என் கையவே பாத்துட்டு நின்னுச்சு."

பிறகு அவன் அழுதான். ஊர் கேட்க, வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக அழுதான். வேலிக்கு வெளியே நின்ற ஆண்கள் எல்லோரும் திரும்பி நின்று எதிர்வீட்டுக் கூரையை ஆராய்ந்தார்கள். நோரீன் அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"நிறுத்திடட்டுமா?"

"வேணாம், எடு. மெதுவா எடு."

அன்றைய கிழங்கில் கொஞ்சம் உப்பு தூக்கலாக இருந்தது என்றாலும் யாரும் மிச்சம் வைக்கவில்லை. மாதக் கடைசிக்குள் எரலின் கையில் ஏறியிருந்த மஞ்சள் வடிந்தது. ஏப்ரலில் வேர்கள் உலர்ந்து உதிர, ஒருநாள் நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தான். மழை அதற்கும் இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இப்போதும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் எரல் தானாகவே செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்தியில் போய் நிற்கிறான், நோரீன் மண் அணைக்கிறாள். தோல் கட்டைவிரலால் தேய்த்தாலே உரிந்துவிடும், மாவுப் பதம் ரொம்ப நன்றாக இருக்கும், எங்கள் வீட்டுக்கும் ஒரு கூடை வரும். கிறிஸ்துமஸ் காலையில் அவள் ஒவ்வொரு கிழங்கையும் ஒடித்தபின் தலைநிமிர்ந்து, "வலிக்குதா?" என்று கேட்கிறாள். அவன், "வலிக்குது," என்கிறான். அதைக் கேட்டுக்கொண்டு அவள் அடுத்ததற்குக் கையை விடுகிறாள்.