அடங்காப்பிடாரியின் எடை

அடங்காப்பிடாரி என்ற சொல் ஒரு நெல் மூட்டை கனம் இருக்கும் என்பது, ஒரத்தநாட்டுக்குத் தெற்கே நொச்சிவயல் கிராமத்துக்கு சில வருடங்களுக்கு முன்பு ஒரு தை மாதத்தில் தெரியவந்தது. பிடிவாதக்காரி அவ்வளவு இல்லை, ஒரு யூரியா மூட்டை. ராங்கிக்காரி இரண்டுக்கும் நடுவில். எமகாதகி என்றால் சினை எருமை. இந்தக் கனமெல்லாம் தங்கமணி என்ற ஒருத்தியின் உடம்பில் மட்டும்தான் ஏறியது. மற்றவர்களையும் திட்டிப் பார்த்தார்கள். எடை கூடவில்லை, சண்டைதான் வந்தது.

தங்கமணிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. நாற்றுக்கட்டு சுமந்து சுமந்து உச்சந்தலையில் முடி தேய்ந்தவள். கணவர் துரைக்கண்ணு சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். அவள் குத்தகைக்கு எடுத்திருந்த நிலம் வாய்க்காலின் கடைமடையில் கிடந்தது. கடைமடை என்றால் ஊரெல்லாம் குடித்து மிஞ்சியது வந்து சேருகிற இடம். அந்த வருடம் மிஞ்சவில்லை. முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். அவள் முறை வந்தபோது சம்பாப் பயிர் பால் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் மேட்டூரை மூடிவிடுவார்கள். அந்தத் தண்ணீர் வந்தால் நெல், வராவிட்டால் பதர்.

வரவில்லை. வாய்க்காலில் மேலே அவளுடைய பெரியப்பா மகன் பஞ்சநதம், தன் முறை முடிந்த பிறகும், குறுவை அறுத்துவிட்டு நட்ட தாளடி வயலுக்கு மடையைத் திறந்தே வைத்திருந்தார். தங்கமணி போய் மண்ணை வெட்டிப் போட்டு அடைத்தாள். அவர் திறந்தார். அடைத்தாள். திறந்தார். கடைசியில் மண்வெட்டியைக் கரையில் எறிந்துவிட்டு, மடைவாயில் அவளே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் அவள் முதுகில் முட்டி, கொஞ்சம் யோசித்து, கடைமடையைப் பார்த்து நடந்தது. அங்கே போய் வயலை நனைக்க ஒரு முழுப் பகல் வேண்டும்.

பஞ்சநதம் ஆள் கூட்டி வந்தார். வாயை மூடிக்கொண்டு சுமை தூக்குகிறவன் அந்தப் பக்கத்தில் கிடையாது. சேற்றில் மாட்டிய வண்டியானாலும் சரி, கோயில் தேரானாலும் சரி, எதைத் தூக்குகிறார்களோ அதைத் திட்டிக்கொண்டேதான் தூக்குவார்கள்; அப்போதுதான் கைக்குப் பலம் வரும். தங்கமணியின் இடுப்பில் வைக்கோல் பிரியைச் சுற்றி, "கோவிச்சுக்காத சின்னம்மா" என்று முறைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, "ஏ அடங்காப்பிடாரி, எந்திரிடி!" என்று ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் கூடச் சேர்ந்து இழுத்தார்கள். பிரி அறுந்தது. தங்கமணி ஒரு சாண் உள்ளே இறங்கியிருந்தாள். மடை முன்னைவிட நன்றாக அடைத்துக்கொண்டது. அடுத்து உள்ளூர் வளவனுடைய டிராக்டர் வந்தது. சங்கிலி மாட்டி, "எமகாதகி, வாடி வெளிய" என்று சொல்லி வளவன் கியர் போட, முன் சக்கரம் இரண்டும் ஆகாயத்தைப் பார்த்தன. தங்கமணி இடுப்பளவு சேற்றில் இருந்தபடி, சோற்றை அங்கேயே கொண்டுவரச் சொன்னாள்.

சோறு கொண்டுவந்தது பஞ்சநதத்தின் மருமகள் அனுராதா. மாமனாருக்குத் தெரியாமல் செய்ய நினைத்தாள், நடக்கவில்லை. ஒரு வாய் உள்ளே போனதும் தங்கமணிக்குப் புரையேறிக் கண் கலங்கிவிட, அனுராதா மனசு தாங்காமல், "பாவம் அத்தை நீங்க, ஒத்த ஆளா என்ன பண்ணுவீங்க" என்று தலையைத் தட்டிக் கொடுத்தாள். தங்கமணி பொளக்கென்று ஒரு முழம் மேலே வந்தாள்.

பஞ்சநதம் அதைப் பார்த்துவிட்டார். ஆட்களைக் கையமர்த்தினார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, எழவு வீட்டுக் குரலில் ஆரம்பித்தார். "அய்யோ பாவம் எந்தங்கச்சி. புருசன் கடலுக்கு அந்தாண்ட. கேக்க நாதியில்ல. ஒத்த மரமா நிக்கிறா." ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூட்டை கழன்றது. நெல் மூட்டை போய், யூரியா போய், கடைசியில் அவளுடைய சொந்த எடையும் போய், தங்கமணி உமி மாதிரி சேற்றை விட்டுக் கிளம்பி மேலே மிதந்தாள். மடை திறந்துகொண்டது. தண்ணீர் தாளடிக்குள் கொட்டியது. காற்று அவளை ஓட்டிக்கொண்டு போய்விடாமல் பஞ்சநதம் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். என்ன இருந்தாலும் சித்தப்பா மகள்.

மேலே இருந்து பார்த்தால் அவள் வயல் தெரிந்தது. வாய்க்காலில் போன தண்ணீர் வரப்பைத் தொடப் போகிற நேரத்தில் நின்றுவிட்டிருந்தது. திட்டுக்கு அசையாதவள், பாவம் என்ற சொல்லுக்குக் காற்றில் தொங்கினாள்.

"தோத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. பத்திரமா எறக்கி விடுறேன்" என்றார் பஞ்சநதம். குரலில் தேன். அப்படியே பேசாமல் இருந்திருந்தால் அவர் ஜெயித்திருப்பார்.

தங்கமணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கீழே பார்த்தாள். "அண்ணே, மேலேர்ந்து பாத்தா ஒன் வழுக்க அம்மாஞ் சுத்தமா தெரியுது. என் மொகமே தெரியுதுண்ணே."

கரையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அனுராதாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பஞ்சநதம் பல்லைக் கடித்தார். பாவம் என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்த வாய்க்கு அவ்வளவு நேரம் அடங்கிப் பழக்கமில்லை.

"கோரக் கிழங்குடி நீ! வெட்ட வெட்ட மொளைக்கிற! நெஞ்சழுத்தக்காரி, கல்லுளிமங்கி, எமகாதகி, ஒன்னயச் சுட்டாலும் சாம்பலு எந்திரிச்சு நிக்கும்டி!"

தங்கமணி விழுந்தாள். சேறு தென்னங்குருத்து வரைக்கும் தெறித்தது. மடைவாயில் கழுத்தளவுக்கு இறங்கி, துளி கசியாமல் அடைத்துக்கொண்டாள். பஞ்சநதம் அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை, நிறுத்த வரவில்லை. பொழுது சாய்வதற்குள் கடைமடை நனைந்தது. வேலை முடிந்ததும் அனுராதா வந்து ரெண்டு பாவம் சொல்லி அத்தையை வெளியே எடுத்தாள்.

தங்கமணி அந்த வருடம் நெல்தான் அறுத்தாள். மறு வருடமும் முறைத் தண்ணீர்தான். அவள் உட்கார்ந்தாள், பஞ்சநதம் திட்டினார், யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. அதற்கடுத்த கோடையில் வாய்க்காலுக்கு சிமென்ட் போட ஒப்பந்தக்காரர் அப்சர் வந்தார். பஞ்சநதத்தின் மடைக்கு வந்ததும் வேலையை நிறுத்தி, ஆளனுப்பித் தங்கமணியை வரவழைத்து உட்காரச் சொல்லி அளவெடுத்தார். அந்த அளவுக்குப் பள்ளம் விட்டுக் கட்டினார். முதுகுக்கு ஒரு சாய்மானம் இருந்தால் நல்லது என்று அவள் கேட்க, அதற்கென்ன என்று அதையும் பூசிவிட்டு, அடுத்த மடைக்குப் போனார்.