மூன்றில் ஒன்று பொய்

தோற்பது என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. சீட்டாட்டமோ ஓட்டப்பந்தயமோ, வீட்டில் யார் முதலில் குளிப்பது என்கிற சண்டையோ, எதிலும் விட்டுக்கொடுக்க மாட்டாள். சரியான வீம்புக்காரி. அப்படிப்பட்டவள் பல்கலைக்கழகத்தின் புதுமுக மாணவர் முகாமுக்கு வந்து சேர்ந்தாள். நான்கு நாள் கேம்ப். அங்கே யாரும் சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது, குழு வைக்கிற பட்டப்பெயர்தான் என்று ஒரு வழக்கம். பஸ் நிற்பதற்குள் குதித்து இறங்கியதால் இவளுக்கு மின்னல் என்று வைத்தார்கள். இவர்கள் பதினோரு பெண்களையும் மேய்க்க வந்த இரண்டாம் வருடத்துக்காரி கேப்டன்.

முதல் நாள் காலையிலேயே விளையாட்டு ஆரம்பித்துவிட்டது. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருத்தியும் தன்னைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வேண்டும். இரண்டு நிஜம், ஒன்று பொய். எது பொய் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்காவிட்டால் சொன்னவள் ஜெயித்தாள். மற்ற பெண்கள் என்னத்தைச் சொன்னார்கள்! பூனை வளர்க்கிறேன், எனக்குக் கத்தரிக்காய் பிடிக்கும், இந்த ரகம். எல்லாம் நொடியில் பிடிபட்டது. இவள் கணக்குப் போட்டாள். எந்த இடத்தில் கைவைக்க யாருக்கும் மனசு வராதோ அங்கே பொய்யை வைக்க வேண்டும்.

"ஓடுற லிஃப்ட்டோட கூரை மேல உக்காந்து போயிருக்கேன். எனக்கு நீச்சல் தெரியாது. நான் பத்தாவது படிக்கும்போது எங்கப்பா இறந்துட்டாரு."

அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். கல்லுக்குண்டு மாதிரி இருக்கிற மனுஷன். சின்ன வயதில் ஆள் குடிவராத ஒரு கட்டடத்தில் அவளை லிஃப்ட்டின் கூரையில் உட்கார வைத்து ஆறு மாடி ஏற்றிக் காட்டியவரும் அவர்தான். அப்பாவின் வேலையில் அவளுக்குக் கூச்சமெல்லாம் கிடையாது, அப்படி யாரும் நினைத்துவிட வேண்டாம். ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் போய் பெற்ற தகப்பனைச் சாகடிப்பாளா ஒருத்தி? சாகடித்தாள்.

பத்துப் பேரும் "லிஃப்ட்தான் பொய்!" என்று கத்தினார்கள். ஜெயித்துவிட்டோம் என்று எழுந்திருக்கப் போனாள். அதற்குள் கேப்டன் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"எனக்கும் அப்பா இல்லடி. போன வருஷம்தான் போனாரு."

அந்த நேரத்தில் "சும்மா சொன்னேன்" என்று எப்படிச் சொல்வது? மென்று விழுங்கி, "ஆமா, லிஃப்ட்தான் பொய்" என்றாள். ஆக, ஆட்டத்திலும் தோற்றாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு பொய்யை உட்கார வைத்தால் அது தன் சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிவருகிறது. மதியம் குழாயடியில் தட்டுக் கழுவும்போது கேப்டன் மெல்லக் கேட்டாள்.

"என்ன ஆச்சு அப்பாவுக்கு?"

"ஹார்ட்."

"எங்கப்பாவுக்கும் அதேதான்டி." கேப்டன் குழாயை மூடினாள். "அன்னிக்குக் காலைல எனக்கு ஃபோன் பண்ணாரு. ஃபிரெண்ட்ஸோட இருந்தேன், அப்புறம் பேசிக்கலாம்னு கட் பண்ணிட்டேன். இத எங்கம்மாகிட்டகூட சொன்னதில்ல."

இப்போதாவது சொல்லித் தொலைக்கலாம் என்று மின்னல் வாயைத் திறந்தாள். "பரவால்ல கேப்டன்" என்றுதான் வந்தது. தூ, என்ன பிழைப்பு இது என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது.

தினமும் சாயங்காலம் அப்பா ஃபோன் பண்ணுவார். திரையில் 'அப்பா' என்று வருமே! கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அந்தப் பெயரை அழித்துவிட்டு 'வீடு' என்று மாற்றினாள். மாற்றிய விரலைப் பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. கடைசி நாள் நிறைவு விழாவுக்குப் பெற்றோர் வரலாம் என்று அறிவித்ததும், 'வராதீங்கப்பா, நானே பஸ்ல வந்துடுறேன்' என்று செய்தி அனுப்பினாள்.

கேட்கிற ஆளா அவர்? அரை நாள் லீவு போட்டு, வேலை உடுப்போடு, குழுவுக்கே போதும்படி ஒரு பை ஆரஞ்சுப் பழத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். வாசல் மேசையில் இருந்தது கேப்டன். வருகிறவர் யாருக்கு என்ன உறவு என்று ஸ்டிக்கரில் எழுதிச் சட்டையில் ஒட்டுவது அவள் வேலை. அப்பா ஃபோனில் மகளின் படத்தைக் காட்டினார்.

"அட, நம்ம மின்னல்! வாங்க வாங்க. நீங்க அவளுக்கு மாமாவா, சித்தப்பாவா? அவங்கப்பா போனப்புறம் நீங்கதான் பாத்துக்கிறீங்களா?"

பத்தடி தள்ளி நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அப்பாவும் அவளைப் பார்த்துவிட்டார். அவள் முகத்தில் ஈயாடவில்லை. அந்த மனுஷனுக்கு என்ன புரிந்ததோ, எவ்வளவு புரிந்ததோ, பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"ஆமாம்மா. சித்தப்பா."

கேப்டன் எழுதி ஒட்டினாள். 'மின்னலின் சித்தப்பா.' அவர் அதைக் குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அவள் நாற்காலியைப் போட்டுவிட்டு வந்து நின்றாள்.

"கேப்டன், இவர் சித்தப்பா இல்ல. எங்கப்பா."

கேப்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. "தெரியும்டி. வளர்த்தவரும் அப்பாதான்."

"அதான் சொல்றாங்கல்ல, விடும்மா" என்றார் அப்பா அவசரமாக. "பழத்த எங்க வைக்கிறது?"

இரண்டு பேருமாகச் சேர்ந்து அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். தப்பித்துப் போயிருக்கலாம். அப்பா பழத்தைத் தூக்கிக்கொண்டு சித்தப்பாவாகவே முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார், கைதட்டியும் இருப்பார். அதை நினைத்தபோதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"பெத்த அப்பா, கேப்டன். சாகல. அன்னிக்கு விளையாட்டுல ஜெயிக்கணும்னு சொன்னேன்."

கேப்டன் கையில் பேனா அப்படியே நின்றது.

"ஹார்ட்னு சொன்னியே?"

"அதுவும் பொய்தான்."

குழுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா பையைக் கீழே வைத்துவிட்டு, தன் பெண் வயதுப் பெண்ணிடம் கைகூப்பினார். "மன்னிச்சிடும்மா. சின்னப் புள்ள, தெரியாம பண்ணிட்டா." மகள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "சரி, ஜெயிச்சியா?"

"இல்லப்பா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு அடி போட்டிருந்தால் தேவலை.

கேப்டன் திட்டவில்லை. இன்னொரு ஸ்டிக்கரை எடுத்து, 'மின்னலின்' என்று கடகடவென்று எழுதினாள். அடுத்த சொல்லை எழுதத்தான் நேரமாயிற்று. எழுதி முடித்து அப்பாவின் சட்டையில் பழைய ஸ்டிக்கர் மேலேயே ஒட்டி, ஓரங்களை அழுத்திவிட்டாள்.

"பேரன்ட்ஸ் எல்லாம் முன்வரிசைல, அங்கிள்."

அவர் போனதும் கேப்டன் அடுத்தவருக்காக ஸ்டிக்கரைத் தேடினாள். மின்னல் நகராமல் அங்கேயே நின்றாள். கேப்டன் அவளைப் பார்க்காமலே சொன்னாள்.

"நான் சொன்னதெல்லாம் நிஜம்டி."