அரைநூல் மாஸ்டரும் கடைக் கோட்டும்

அரைநூல் மாஸ்டருக்கு ஒரு கோட்டின் மேல் பொறாமை வந்துவிட்டது. ஆள் மேல் வந்திருந்தாலாவது நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருப்பார். கோட்டை என்ன செய்வது? அது பாட்டுக்குக் கதவுக்குப் பின்னால் மர ஹேங்கரில் வாயில்லா ஜீவனாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர்தான் அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார்.

அவருக்கு அந்தப் பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். தையல் கணக்கில் ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். அந்த நூலில் பாதி அளவுக்குக் காலர் ஒரு பக்கம் தூக்கிவிட்டது என்று, புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிப்போன வாடிக்கையாளரைத் தெருவில் துரத்திப் பிடித்துச் சட்டையைக் கழற்றி வாங்கியவர் அவர். நடுத்தெருவில் பனியனோடு நின்ற அந்த மனிதர் வைத்த பெயர்தான் அரைநூல் மாஸ்டர். கிண்டலாக வைத்த பெயர். மாஸ்டர் அதைப் பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தார்.

கீழே கடை, மேலே வீடு. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் மனைவி உடுத்தியதெல்லாம் அவர் மெஷினில் ஓடி வந்தவைதான். குளிருக்குச் சட்டைக்குப் பதிலாக அவள் போட்டுக்கொள்ளும் ஸ்வெட்டர் ஒன்றுதான் வெளியார் சரக்கு. பின்னல் வேலை நம் தொழில் இல்லை என்று அதை அவர் கண்ணெடுத்தும் பார்க்கமாட்டார். மனைவிக்கோ ஊசி பிடிக்கவே வராது. பட்டன் அறுந்தால்கூட இவரிடம்தான் வரவேண்டும். அதில் மாஸ்டருக்கு ரகசியமாக ஒரு சந்தோஷம்.

கெட்டித் தாளில் வெட்டிய அவளுடைய அளவு அட்டை கடைச் சுவரில் முதல் ஆணியில் தொங்கும். அதை வைத்து வெட்டுவார், தைப்பார், மடித்து மேலே அனுப்புவார். போட்டுப் பார்த்துச் சரிசெய்வதெல்லாம் வாடிக்கையாளருக்கு. சொந்தப் பெண்டாட்டிக்கு என்ன ட்ரையல் வேண்டிக்கிடக்கிறது? கடைசியாக எப்போது அவளுக்கு அளவெடுத்தீர்கள் என்று யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த குடித்தனத்தில் அவளுடைய அக்காக்காரி வந்து புகுந்தாள். பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள். ஏழு மணி நேர ரயில் பயணத்தில் உள்ள பெரிய நகரத்தில் ஒரு வாரம் தங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம், மூன்று பேருமே போகலாம் என்றாள். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், சீருடை மலையாகக் குவிந்திருக்கிறது, தன்னால் நகர முடியாது என்று மாஸ்டர் கையை விரித்துவிட்டார். அப்படியானால் நானும் போகவில்லை என்று மனைவி சொல்வாள் என்பது அவர் கணக்கு. அவளோ ஒரு வாய் காபி குடிக்கிற நேரம் யோசித்துவிட்டு, சரி, நாங்கள் இரண்டு பேரும் போய்விட்டு வருகிறோம் என்றாள். மாஸ்டருக்குச் சுருக்கென்றது. போ என்று பெரிய மனசு பண்ணிச் சொல்லவும் சொல்லிவிட்டார்.

என்னென்ன துணி எடுத்துக்கொள்வது என்ற பேச்சு அடுத்து வந்தது. அந்த நகரத்தில் ஒரே நாளில் எல்லாப் பருவமும் வந்துபோகுமாம். காலையில் குளிர், மத்தியானம் வேர்வை, சாயங்காலம் மழை. அதனால் அலமாரியையே தூக்கிக்கொண்டு வராதே, எதன் மேல் எதைப் போட்டாலும் பொருந்துகிற மாதிரி கொஞ்சமாக எடுத்து வை என்று அக்கா உத்தரவு போட்டிருந்தாள். மலையாகக் குவிந்திருந்த சீருடைகளை ஓரம் தள்ளிவிட்டு, மாஸ்டர் ஒரு வாரம் உட்கார்ந்து ஐந்து உருப்படி தைத்தார். இரண்டு சட்டை, இரண்டு பேன்ட், கணுக்கால் வரைக்கும் ஒரு கவுன். ஊர் சுற்றப் போக நேரமில்லாத மனிதருக்கு இதற்கு மட்டும் எங்கிருந்து நேரம் வந்தது என்று நான் கேட்கவில்லை.

இவ்வளவும் தைத்துக் கொடுத்த பிறகு, பயணத்துக்கு மூன்று நாள் முன்னால், அவள் ஒரு பையோடு வந்து கடையில் நின்றாள். பைக்குள்ளிருந்து அந்தக் கோட்டை எடுத்தாள். கரும்பச்சை நிறம். மழைத் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடும் துணி. உள்ளே கம்பளி லைனிங், பட்டன் வைத்தது. குளிருக்கு மாட்டிக்கொள்ளலாம், வெயிலுக்குக் கழற்றிவிடலாம். ஒரே கோட்டில் எல்லாக் காலமும் அடக்கம். போட்டிருந்த ஸ்வெட்டரின் மேலேயே அதைப் போட்டுக்கொண்டு, கடையின் நிலைக்கண்ணாடி முன்னால் போய் நின்றாள்.

மாஸ்டர் வாயில் நாலு குண்டூசி. எடுக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். தோள் அப்படி உட்கார்ந்திருந்தது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு இழுப்பு இல்லை. அவள் நேராக நின்று பார்த்தாள், பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள், பிறகு கண்ணாடியில் தெரிந்த தன்னைப் பார்த்துச் சிரித்தாள். இருபத்திரண்டு வருஷமாக அவர் தைத்த எதைப் போட்டுக்கொண்டும் அவள் கண்ணாடியை இரண்டாம் தடவை பார்த்ததில்லை. தொண்டையில் குண்டூசி இறங்கிய மாதிரி இருந்தது அவருக்கு.

நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள். துணி பரவாயில்லை என்றார்.

அவள் பாட்டுக்குச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனாள். பெரிய தெருவில் இருக்கும் கடையாம். அங்கே நரைத்த மீசையோடு ஒருவர்.

“டேப்பே எடுக்கலைங்க அவர். பார்த்த உடனே என் அளவைச் சொல்லிட்டார்.”

போயிற்று. மாஸ்டரின் நிம்மதி அந்த நொடியோடு போயிற்று. பார்த்த உடனேயாம். எதைப் பார்த்தான்? எவ்வளவு நேரம் பார்த்தான்? என் வீட்டுக்காரியை அளவு சொல்கிற அளவுக்குப் பார்க்க அவன் யார்? இதையெல்லாம் அவர் அவளிடம் கேட்கவில்லை, கத்தரிக்கோலிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்கு முதுகுப் பக்கம் பாக்கெட் வைத்துத் தைத்தார். மறுநாள் ஒரு கால்சட்டைக்கு இரண்டு காலையும் சேர்த்து மூடினார். சாப்பாடு இறங்கவில்லை. நரைத்த மீசை வைத்த யார் தெருவில் போனாலும் வாசலுக்கு வந்து பார்த்தார்.

பயண நாளும் வந்தது. ரயில் நாலு மணிக்கு. காலையில் குளிராக இருந்ததால் மனைவி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்கும் அக்கா வீட்டுக்குமாகப் போயிருந்தாள். மாஸ்டர் மெல்ல மாடியேறினார். கட்டிலில் பெட்டி திறந்து கிடந்தது. அவர் தைத்த ஐந்தும் மடித்து அடுக்கியிருந்தன. கோட்டு மட்டும் பெட்டிக்குள் போகாமல் நாற்காலி முதுகில் மரியாதையாக உட்கார்ந்திருந்தது. போட்டுக்கொண்டே போகப் போகிறாள்.

அங்கே நின்றபடியே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குளிரானாலும் கோட்டு, மழையானாலும் கோட்டு. அந்த நகரத்தின் தெருவெல்லாம் இந்தக் கோட்டைத்தான் பார்க்கும். என் தையல் உள்ளே, ஊரான் தையல் வெளியே. ஒரு வாரம் கண் நோகத் தைத்ததெல்லாம் இதற்கு உள்ளாடையாகப் போகத்தானா?

கோட்டைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கினார். மேஜையில் விரித்து, புறம் திருப்பி, இரண்டு தோளையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. இடது தோளைவிட வலது தோள் கனமாக இருந்தது. சந்தேகத்துக்கு அளவு அட்டையை எடுத்து வைத்துப் பார்த்தார். இடது தோள் அச்சாகப் பொருந்தியது. வலது தோள் தூக்கிக்கொண்டு நின்றது. பிளேடால் தோளின் உள்துணியை நாலு விரற்கடை பிரித்தார். உள்ளே இருந்த பஞ்சின் மேல் இன்னொரு மடிப்புக் கம்பளித் துணியைக் கையால் தைத்து வைத்திருந்தார்கள்.

பெரிய கடையாம், பெரிய மீசையாம். ஒரு தோளுக்கும் இன்னொரு தோளுக்கும் வித்தியாசம் தெரியாதவனெல்லாம் என் பெண்டாட்டிக்கு அளவு சொல்கிறான். மாஸ்டர் அந்த மடிப்பைப் பிய்த்து வெட்டுத் துணிக் கூடையில் எறிந்தார். இரண்டு தோளையும் அட்டைப்படி சமமாக்கி, பிரித்த இடம் தெரியாமல் மூடி, இஸ்திரி போட்டார். மூன்று நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து சீட்டி கிளம்பியது. கடைக்காரர் தப்புப் பண்ணியிருந்தார், போனால் போகிறதென்று நான் சரிசெய்துவிட்டேன் என்று அவளிடம் சொல்ல வேண்டியதை, பெருந்தன்மை எந்த வார்த்தையில் வரவேண்டும் என்பது உட்பட, இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மனைவி ஒரு மணிக்குத் திரும்பினாள். கோட்டு கீழே இருப்பதைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. இஸ்திரி போடத்தான் எடுத்திருப்பார் என்று நினைத்திருக்கலாம். ஸ்வெட்டரின் மேல் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள்.

கோட்டின் வலது பக்கம் இறங்கிவிட்டது. பட்டன் வரிசை கோணிக்கொண்டு போனது. காலருக்குக் கீழே பெரியதாக ஒரு சுருக்கம். அடிப்பக்க ஓரம், வலது பக்கம் தாழ்ந்து தொங்கியது.

நேராக நிற்கச் சொன்னார் மாஸ்டர். நேராகத்தான் நிற்கிறேன் என்றாள். வலது தோளைத் தூக்கச் சொன்னார். தூக்கினாள். விட்டதும் அது தன் இடத்துக்கு இறங்கிவிட்டது. கண்ணாடி வழியாகவே அவள் அவரைப் பார்த்தாள்.

“உள்ளே இருந்த மடிப்பை எடுத்துட்டீங்களா?”

கடைக்காரர் தப்புப் பண்ணியிருந்தார் என்று அவர் ஆரம்பித்தார். பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது.

“அவர் தப்புப் பண்ணலைங்க. என் வலது தோள் இறங்கி ஆறு வருஷம் ஆச்சு. நான் கடை வாசல் ஏறும்போதே பார்த்துட்டு, அரை இஞ்ச் இறங்கியிருக்கும்மா, உள்ளே கூடுதலா ஒரு மடிப்பு வெச்சுத் தரேன்னார்.”

அரை இஞ்ச் என்றால் நாலு நூல். அரை நூலுக்காகத் தெருவில் ஓடியவர் மனதில் அந்தக் கணக்கு தானாக ஓடி முடிந்தது. ஆறு வருஷம் என்றால் என்ன என்பதும் தெரிந்தது. தைத்த துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆள் வேலையை விட்டு நின்றது அப்போதுதான். அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் துணிகளை அடைத்த பெரிய பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு போகிறவள் இவள்தான். பை வாசல் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வார் தேய்ந்து பளபளத்தது.

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“தினம் பார்க்கிறவர்கிட்ட என்னன்னு சொல்றது?”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். மாஸ்டர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார். திரும்பி நிற்கச் சொல்லி, ஸ்வெட்டரின் மேலேயே அளவெடுத்தார். இடது தோள், வலது தோள், முதுகு, இடுப்பு. இடது தோளைத் தவிர ஒரு அளவுகூட அட்டையோடு ஒத்துப்போகவில்லை. யாரோ ஒரு புது வாடிக்கையாளருக்கு எடுப்பது மாதிரி இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

அப்புறம் கூடையைத் தரையில் கவிழ்த்து, சீருடைத் துணுக்குகளுக்கு நடுவில் அந்த மடிப்பைத் தேடினார். அவளும் உட்கார்ந்து தேடினாள். அவள் கையில்தான் கிடைத்தது. பிரித்த இடத்தை மறுபடி பிரித்து, மீசைக்காரர் போட்டிருந்த அதே துளைகளில் ஊசியை விட்டு, அதை இருந்த இடத்திலேயே வைத்துத் தைத்தார். நல்ல கைதான் அந்த ஆளுக்கு என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒத்துக்கொள்ள ஒத்துக்கொள்ள வயிறு இன்னும் எரிந்தது. தான் பார்த்திருக்க வேண்டியதை எவனோ வாசல்படியில் வைத்தே பார்த்துவிட்டானே.

மணி மூன்று. அவள் முகம் கழுவப் போகும்போது, பெட்டியை மூடி எடுத்து வரும்படி சொன்னாள். நீலச் சட்டை எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும், போய் இறங்கியதும் அதைத்தான் போடுவேன் என்றும் சொன்னாள்.

மாடியில் மாஸ்டர் நீலச் சட்டையை அடியிலிருந்து உருவினார். போன வாரம் தைத்தது. வலது தோளில் விரலுக்கு ஏதோ தடித்துத் தட்டுப்பட்டது. புறம் திருப்பினார். உள்ளே, நாலாக மடித்த நீலத் துணி ஒன்று ஒட்டித் தைத்திருந்தது. அவர் வெட்டிப் போட்ட அதே சட்டையின் துண்டு. தையலா அது? ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று எங்கேயோ போகிறது. முடிச்சு மட்டும் சுண்டைக்காய் அளவு. அடுத்த சட்டையை எடுத்தார். அதிலும் இருந்தது. கவுனிலும் இருந்தது. அலமாரியைத் திறந்து பழையவற்றையும் இழுத்துப் பார்த்தார். ஆறு வருஷத்துக்குள் அவர் தைத்த ஒவ்வொன்றிலும் வலது தோளில் ஒரு மடிப்பு, ஊசி பிடிக்கத் தெரியாதவள் கையால்.

மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அரைநூல் மாஸ்டர் பெண்டாட்டியின் சட்டையே கோணலாகத் தொங்குகிறது என்று ஒரு வாய் பேசிவிடக் கூடாது. அதற்காக இவர் கீழே மெஷினை மிதித்துக்கொண்டிருந்த நேரத்திலெல்லாம் அவள் மேலே உட்கார்ந்து விரலைக் குத்திக்கொண்டிருந்திருக்கிறாள். மீசைக்காரர் பார்த்தார், சரி. அவருக்காக இவள் ஊசி எடுத்தாளா? அந்த நினைப்பு வந்ததும் மனிதருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. நீலச் சட்டையை முகத்தில் வைத்துத் துடைத்துக்கொண்டார்.

கோணல் தையலைக் கண்டால் பிரிக்காமல் விட்டவரில்லை அவர். பிளேடு சட்டைப் பையில்தான் இருந்தது. கை பழக்கத்தில் அங்கே போயிற்று. அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வெறுங்கையாகத் திரும்பி வந்து, தையல் நசுங்காதபடி சட்டையை மடித்துப் பெட்டியின் மேலாக வைத்தது.

பெட்டியை மூடிவிட்டீர்களா என்று அவள் கீழிருந்து கேட்டாள். இதோ வருகிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

கோட்டைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றவள், கைப்பையை எடுத்து வழக்கம்போல வலது தோளில் மாட்டப் போனாள். மாஸ்டர் அதை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

“கடையை யார் பார்த்துக்கிறது?” என்றாள்.

“பூட்டுறேன், இரு. ஸ்டேஷன் வரைக்கும் வர்றேன்” என்றார் மாஸ்டர். சொல்லிவிட்டு, அவளைத் தலையிலிருந்து கால் வரைக்கும் மெதுவாக ஒரு தடவை பார்த்தார்.