பதில் வராத விதை

உரத்தின் விலை இரண்டாம் முறையாக ஏறிய வருடத்தில், ராட்சதப் பூசணி வளர்ப்போர் சங்கத் தலைவரின் ஏழு வயது மகளுக்கு எடை இல்லாமல் போனது. இளைத்துப் போனாள் என்று அர்த்தமில்லை. கன்னமும் தொப்பையும் அப்படியேதான் இருந்தன. வீட்டில் அவளைக் குண்டு என்று கூப்பிடுவதையும் யாரும் நிறுத்தவில்லை. மருத்துவமனையில் எடை மெஷின் மேல் ஏறி நின்றாள், முள் அசையவில்லை. நர்ஸ் மெஷினை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தானே ஏறிப் பார்த்தார். முள் துள்ளி ஓடிக் காட்டிய எண்ணைப் பார்த்து முகம் சுண்டி இறங்கினார். பிள்ளைக்குச் சில நாளாகப் பசியே இல்லை என்று அம்மா சொன்னாள். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். குண்டு அதைச் சமர்த்தாகக் குடித்தாள். பசி வரவில்லை.

அம்மாவுக்கு மருத்துவமனைக்குப் போகும் முன்பே தெரியும். வீட்டு மரப்படிக்கட்டில் கீழிருந்து இரண்டாவது படி யார் மிதித்தாலும் கிறீச்சிடும்; பூனைக்குக்கூட லேசாக முனகும். குண்டு தடதடவென்று ஓடி இறங்கும்போது அது வாயே திறக்கவில்லை. அம்மா திரைச்சீலைக் கடையில் தையல் வேலை பார்ப்பவள். திரை காற்றில் பறக்காமலிருக்க அடி ஓரத்தில் வைத்துத் தைக்கும் ஈயக் குண்டுகளைக் கொண்டுவந்து மகளின் கவுன் விளிம்பு முழுக்கத் தைத்தாள். ஒரு வாரம் தாங்கியது. பிறகு ஈயத்துக்கும் எடை போய்விட்டது. ஒரு மத்தியானம் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது காற்று அடித்தது. கொடியிலிருந்த போர்வை பறந்தது; அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த மகளும் கூடவே பறந்தாள். கைப்பிடிச் சுவரைத் தாண்டி, தெருவுக்கு மேலே, நின்றிருந்த வேன்களின் கூரைகளுக்கு மேலே. எட்டிப் பாய்ந்த அம்மாவின் கையில் அகப்பட்டது ஒரு செருப்பின் வார் மட்டும்தான். அது அறுந்திருந்தால் மேற்கொண்டு எழுத எதுவும் இருந்திருக்காது. மகளை இழுத்து அணைத்துக் கீழே கொண்டுவந்து, ஜன்னல்களையெல்லாம் சாத்தி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி அறை அறையாக மின்விசிறிகளின் இறக்கைகளைக் கழற்றினாள். கழற்றிய ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. விழும் சத்தத்தை அவள் பொறாமையோடு கேட்டாள். அன்று சாயங்காலம் மகள் தலை கூரையில் இடித்தது.

தலைவர் அப்போது முன்னறையில் ஒரு பாராட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். அது அவரைப் பற்றிய பாராட்டுரை. அடுத்த கூட்டத்தில் செயலாளர் மனம் நெகிழ்ந்து படிக்க வேண்டியது.

ராட்சதப் பூசணி வளர்ப்பவர்கள் விதையை விற்பதில்லை. தபாலில் கேட்பார்கள், தபாலில் கொடுப்பார்கள். கேட்பவர் தன் கடிதத்தோடு, விதை நசுங்காமலிருக்க உள்ளே காற்றுக் குமிழ்த்தாள் ஒட்டிய இன்னொரு உறையை, தன் விலாசம் எழுதி, தபால்தலையும் ஒட்டி, மடித்து வைத்து அனுப்ப வேண்டும். அதற்குப் பதில் உறை என்று பெயர். கொடுப்பவர் விதையை ஓர் அட்டையில் ஒட்டி, தாய்க்காயின் எடையையும் வளர்த்தவர் பெயரையும் எழுதி அந்த உறையில் திருப்பி அனுப்புவார். கிடைத்ததும் நன்றி எழுத வேண்டும். அறுவடையானதும் காய் எவ்வளவு தேறியது என்று எழுத வேண்டும். வெடித்தாலும், அழுகினாலும், எலி தின்றாலும் எழுத வேண்டும். கொடுத்தவர் மட்டும் எந்தக் காலத்திலும் என்ன ஆயிற்று என்று கேட்கக் கூடாது. இதையெல்லாம் விதிகளாகத் தொகுத்து, கெட்டி அட்டை போட்டு, முதல் பக்கத்தில் தன் படத்தையும் போட்டுப் புத்தகமாக வெளியிட்டவர் நம் தலைவர்தான். அவர் தன் வாழ்நாளில் ஒரு பதில் உறை வைத்ததில்லை, ஒரு நன்றி எழுதியதில்லை. தான் கேட்பதே கொடுப்பவருக்குக் கௌரவம் என்பது அவர் அபிப்பிராயம். அதையும் ஒரு விதியாகச் சேர்க்காதது அவருடைய அடக்கம்.

இப்படி வருடா வருடம் விதை வாங்கி வளர்த்ததில் தலைவர் கனத்துக்கொண்டே போனார். சட்டை அளவு மாறவில்லை, நாற்காலிகள்தான் உடைந்தன. சங்கத்தில் அவருக்கென்று இரும்பு நாற்காலி செய்தார்கள். அவர் நடந்துவரும்போது மேசைமேல் தண்ணீர் டம்ளர்கள் அதிர்ந்ததை உறுப்பினர்கள் ஆளுமை என்று எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து மாவட்டத்துச் சைக்கிள் கடைக்காரம்மா ஒருத்தி அனுப்பிய விதையில் அவருக்கு ஒரு காய் வந்தது. தன் பெயின்ட் கடைக்குப் பின்னால் அவர் அதை வளர்த்திருந்ததால், கடையின் பின்வாசலை இடித்துத்தான் அதை வெளியே எடுக்க முடிந்தது. பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் காய் பாதியும் தலைவர் முழுதும் தெரிந்தார்கள். அதைப் பார்த்து, எல்லாச் சங்கங்களுக்கும் மேலான கூட்டமைப்பின் பெருந்தலைவர் அந்தக் காயின் விதை ஒன்று வேண்டும் என்று உதவியாளரை விட்டுப் போனில் சொல்லச் சொன்னார். பதில் உறை வரவில்லை. தலைவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, புல்லரித்துப் போனார். வாழ்நாளில் முதல் முறையாக ஒரு விதையை, மோதிரப் பெட்டிக்குள் வெல்வெட் மேல் வைத்து, ஒருவருக்கு அனுப்பினார். நன்றி வரவில்லை. அடுத்த மாதம் மகள் எடை மெஷினில் ஏறினாள்.

இரண்டையும் முடிச்சுப் போட்டது சங்கத்தின் பொருளாளர், கடிகாரம் ரிப்பேர் செய்பவர். சந்தா வாங்க வந்தவர் கூரையைப் பார்த்துவிட்டு, ரசீதுப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு, அண்ணன் யாருக்காவது விதை அனுப்பினாரா, பதில் வந்ததா என்று தரையைப் பார்த்தபடி கேட்டார். அதற்கு மேல் அம்மா எவ்வளவு கெஞ்சியும் வாய் திறக்கவில்லை. அதைப் பேசுவது மரியாதை இல்லையாம். சைக்கிள் கடைக்காரம்மாவைப் பாருங்கள் அண்ணி, என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அம்மா மகளைக் கடிகாரக்காரரின் மனைவியிடம் ஒப்படைத்து, கதவைப் பூட்டச் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். கடைக்குப் பின்னால்தான் வீடு. சைக்கிள் கடைக்காரம்மா விரலில் பஞ்சர் பசை காயாமலே டீ போட்டுக்கொண்டு வந்தாள். உள்ளறைக் கட்டிலுக்கு மேலே, கூரையை ஒட்டி, அவள் கணவர் மிதந்துகொண்டிருந்தார். கணுக்காலிலிருந்து ஒரு சைக்கிள் ட்யூப் கட்டில்காலுக்கு வந்தது. ஒரு சக்கரத்தின் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தார். சக்கரமும் பக்கத்தில் மிதந்தது.

"உக்காருங்கம்மா," என்றார். "இறங்கி வர முடியல, தப்பா நினைச்சுக்காதீங்க."

எத்தனை வருடமாக என்று அம்மா கேட்டாள். உங்கள் வீட்டுக்காரருக்கு விதை அனுப்பியதிலிருந்து, என்று கடைக்காரம்மா பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். கொடுத்த விதைக்கு ஒரு வார்த்தை திரும்பி வரும்வரை காய் தன் எடையைக் கொடுத்த வீட்டிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும், மிச்சம் மீதி வாங்கியவர்மேல் ஏறும், இது வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதானே, என்றாள்.

"ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாமேக்கா."

"எப்படிம்மா கேக்கறது? கேட்டு வாங்கினா அது நன்றியா? உங்க வீட்டுக்காரர் புத்தகத்துலயே கேக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே. நல்லா எழுதியிருக்காரு."

அதில் குத்தல் இருக்கிறதா என்று அம்மா அவள் முகத்தில் தேடினாள். இல்லை. அதுதான் அம்மாவைக் கலங்கடித்தது.

"எங்க பொண்ணுக்கும் வந்துடுச்சுக்கா. ஏழு வயசு."

கடைக்காரம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். மேலே கம்பி முறுக்கும் சத்தம் நின்றது.

"ஃபேனைக் கழட்டிட்டீங்களாம்மா?" என்றார் அவர்.

"கழட்டிட்டேண்ணா."

"நல்ல வேளை. எங்களுக்கு முதல்ல அது தோணல."

அப்போதுதான் அம்மா அவருடைய இடது கையைப் பார்த்தாள். அதில் மூன்று விரல்கள்தான் இருந்தன. கிளம்பும்போது கடைக்காரம்மா புது ட்யூப் ஒன்றைச் சுருட்டிக் கொடுத்தாள். கயிறு என்றால் தோலை அறுத்துவிடும், இது இழுவைக்கு இழுவை கொடுக்கும் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கணவரின் முன்னால் ஒரு கட்டுக் காகிதத்தை வைத்து, வாங்கின விதை ஒவ்வொன்றுக்கும் நன்றி எழுதச் சொன்னாள். தலைவர் தொண்டையைச் செருமினார். சங்கத்தில் தெரிந்தால் என்ன நினைப்பார்கள், விதிகளை இயற்றியவரே விதியை மீறினார் என்று ஆகாதா, இதை ஒரு துணைக்குழு அமைத்துப் பரிசீலிப்பதே முறை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து குரல் வந்தது.

"அப்பா, இங்கேருந்து பாத்தா உங்க வழுக்கை முழுசாத் தெரியுது."

ஒரு காதோரத்திலிருந்து மறு காதோரம்வரை கவனமாகப் படிய வைத்த முடிமேல் தலைவர் கையை வைத்தார். பிறகு, இத்தனை நாளில் முதல் முறையாக, நிமிர்ந்து பார்த்தார். இறக்கை இல்லாத மின்விசிறியின் தண்டைக் கட்டிப்பிடித்தபடி மகள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் இடுக்கில் புகுந்த காற்று அவளை மெதுவாகச் சுற்றிவிட்டது. தலைவர் துணைக்குழுவைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை. பேனாவைத் திறந்தார்.

எழுத எழுத அவர் லேசானார். இரும்பு நாற்காலி அவருக்கு அசட்டுத்தனமாகப் பெரிதானது, அவர் வந்தால் டம்ளர்கள் சும்மா இருந்தன. ஆளுமை குறைந்துவிட்டதென்று அடுத்த தேர்தலில் உறுப்பினர்கள் செயலாளரைத் தலைவராக்கினார்கள். ஊர் ஊராக எங்கெங்கோ யார் யாரோ கூரையிலிருந்து இறங்கினார்கள். சைக்கிள் கடைக்காரம்மா பதில் எழுதியிருந்தாள்: உங்கள் கடிதம் கிடைத்தது, அதே நாள் காலையில் இவர் இறங்கினார், ஒரேயடியாக இறங்கியதால் இடது கால் முறிந்துவிட்டது, மிக்க நன்றி. அம்மாவுக்கு அதைப் படித்துச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே மெத்தைகள் வாங்கி வீடு முழுக்க, சமையலறையிலும் நடையிலும்கூட, சுவரிலிருந்து சுவர்வரை பரப்பினாள்.

மற்றவர்களின் பிள்ளைகளை இறக்கிவிட்டாயிற்று. தன் பிள்ளையை இறக்க வேண்டியவர் பெருந்தலைவர். முறை பார்த்துக்கொண்டிருக்க அம்மாவால் முடியவில்லை. விதியை மீறி, நான்கு வரியில், ஐயா ஒரு வார்த்தை எழுதுங்கள் என்று கேட்டுவிட்டாள். உடனே பதில் வந்தது. அச்சடித்த அட்டை, பொன் நிற ஓரம், 'தங்கள் அன்புக்கு நன்றி', கீழே ரப்பர் ஸ்டாம்ப் கையெழுத்து. அவள் உறையைப் பிரித்த அந்த நொடியில் மகளின் காலில் கட்டியிருந்த ட்யூப் விண்ணென்று இழுத்து நீண்டது. கட்டில் ஒரு பக்கமாகத் தூக்கியது. அம்மா கட்டிலின்மேல் குப்புற விழுந்து அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்கவில்லை.

வருடங்கள் போயின. குண்டு பள்ளிக்கூடத்துக்கு ட்யூபில் போனாள். டீச்சர் அவளைப் பெஞ்சுக்கால் ஒன்றில் கட்டி வருகை போட்டார். ஒட்டடை அடிப்பதும் பல்பு மாட்டுவதும் அவள் வேலையாயின. காற்றடிக்கும் நாட்களில் அம்மா கடைக்கு லீவு போட்டு, ட்யூபின் மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ட்யூப் தேயும், மாற்ற வேண்டும். பழைய முடிச்சை அவிழ்ப்பதற்கும் புதியதைப் போடுவதற்கும் நடுவே இருந்த அந்த இடைவெளி ஒருநாளும் பழகவில்லை. அவிழ்க்கும்போதெல்லாம் அம்மாவின் பற்கள் கிட்டித்துக்கொண்டன. முன்னாள் தலைவர் சாயங்காலங்களில் மெத்தையில் மல்லாந்து படுத்து மகளோடு பேசினார். அவருக்கு இருந்த நேரம் முழுக்க அதற்குத்தான். முடியை ஒதுக்கிப் படிய வைப்பதை விட்டுவிட்டார்.

பெருந்தலைவர் அந்த விதையின் வாரிசுகளை வருடா வருடம் விதைத்துக் கோப்பைகள் வாங்கினார், கனத்தார். குண்டுவுக்குப் பதினேழு வயதானபோது, கூட்டமைப்பின் மாநாட்டில் நன்றியுணர்வைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருக்கையில் மேடைப் பலகை முறிந்து அடித்தளத்துக்குப் போய்விட்டார். கிரேன் வைத்துத் தூக்கினார்கள். மருத்துவமனையில் இரண்டு கட்டில்களைச் சேர்த்துப் போட்டுப் படுக்க வைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் முதல் வாரத்தோடு நின்றார்கள், உதவியாளர் வேறு வேலை தேடிக்கொண்டார். செய்ய ஒன்றுமில்லாமல் படுத்திருந்தவர், ஒருநாள் நர்ஸிடம் ஒரு பேனா கேட்டார்.

அந்தக் கடிதம் மத்தியானத் தபாலில்தான் வந்தது. சொந்தக் கையெழுத்து, கோணலாக இருந்தது: விதை கிடைத்தது, காய் நன்றாக வந்தது, எழுதத் தாமதமாகிவிட்டது. ஆனால் காலையிலேயே, கூரை மூலையில் தலை சீவிக்கொண்டிருந்த குண்டு பொத்தென்று மெத்தையில் விழுந்தாள். வீடு அதிர்ந்தது, பூனை ஓடியது. சமையலறையில் அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். போய்ப் பார்க்கப் பயமாக இருந்தது. பிறகு கீழிருந்து இரண்டாவது படி கிறீச்சிட்டது.

"அம்மா, பசிக்குது."

அம்மா தட்டை எடுத்து வைத்தாள்.

மெத்தைகளை அவர்கள் எடுக்கவில்லை, மின்விசிறி இறக்கைகளை மாட்டவும் இல்லை. அந்தக் காயின் வம்சத்து விதை கேட்டு முன்னறை மேசையில் புதிய கடிதங்கள் வந்து கிடந்தன. எல்லாம் முறையானவை, ஒவ்வொன்றிலும் விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டிய பதில் உறை மடித்து வைத்திருந்தது. கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்ல விதிகளில் இடமில்லை. வயிறு முட்டச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, குண்டு அட்டைகளில் விதை ஒட்ட உட்கார்ந்தாள். அம்மா குனிந்து, அவளுடைய ஒரு காலை மேசைக்காலோடு ட்யூபில் கட்டினாள்.