அது என்றால் எது

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மதிய உணவு முடிந்து தட்டுகள் இன்னும் எடுக்கப்படாத வேளையில், மெய்ப்புத் திருத்துநரின் மனைவியுடைய இடுப்புவலி அவளுடைய உடம்பை விட்டு இறங்கி, சாப்பாட்டு மேசைக்கு அடியில் உறங்கிக்கொண்டிருந்த நாயின் அருகே போய்ப் படுத்துக்கொண்டது. இளங்கன்றின் அளவு இருந்தது. நனைந்த சிமெண்டின் நிறம். முகம் என்று தனியாக எதுவும் இல்லை. அது படுத்த இடத்தில் டைல்ஸ் ஒன்று நீளமாகக் கீறல் விட்டது. பதினான்கு ஆண்டுகளாக அவளுக்கு வலி இருக்கிறது என்பதை நம்பாத குடும்பம், அதைக் கண்ணால் கண்ட பிறகு முதலில் கவலைப்பட்டது அந்த டைல்ஸைப் பற்றித்தான்.

அவள் பள்ளிச் சீருடை தைக்கும் நிறுவனம் ஒன்றில் துணி வெட்டும் மேசையில் நின்று வேலை செய்தவள். குனிந்து குனிந்து வெட்டியதில் முதுகுத்தண்டின் அடியில் ஒரு நரம்பு நசுங்கி, அது முதல் அவளால் ஒரு வாளித் தண்ணீரைக்கூட நிமிர்ந்து தூக்க முடியவில்லை. குடும்பம் கைகட்டிச் சும்மா இருந்தது என்று சொல்வது அநியாயம். எல்லோரும் ஆளுக்கொரு குறை கண்டுபிடித்தார்கள். அஞ்சலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற நாத்தனார் மெத்தையைக் குறை சொன்னார். கொழுந்தன் செருப்பைக் குறை சொன்னான். அவனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை என்பதால் தெருவில் அவனைச் சர்வகலாசாலை என்றுதான் அழைத்தார்கள். அவன் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டான். கணவர், தொழிலுக்கேற்ப, வாக்கியத்தைக் குறை சொன்னார். “வலி உயிரை எடுக்குதுங்க” என்று அவள் முனகினால், “எடுக்கிறது போல இருக்குன்னு சொல்லு” என்று திருத்திவிட்டுத் தாளைப் புரட்டுவார்.

நோயைப் பேர் சொல்லி அழைத்தால் அது உரிமை கொண்டாடும் என்பது நாத்தனாரின் கொள்கை. ஆகவே அந்த வீட்டில் வலிக்கு ‘அது’ என்று பெயர். நாய்க்குப் பெயர் வைப்பது கொழுப்பு என்பது அவருடைய இன்னொரு கொள்கை. ஆகவே நாய்க்கும் ‘அது’ என்றே பெயர். அவள் மட்டும் அந்தப் பழுப்பு நாட்டு நாயைப் பொட்டலம் என்று அழைத்தாள். நூல் போட்டுக் கட்டியதைப் போல அவ்வளவு கச்சிதமாகச் சுருண்டு படுக்கும். “அது எழுந்திருச்சிருச்சா?” என்று ஒருவர் கேட்டால், சோறு வைக்க வேண்டுமா, மாத்திரை எடுக்க வேண்டுமா என்பது கேட்டவருக்கே தெரியாது. சுட்டுப்பெயர் எதைச் சுட்டுகிறது என்று விளங்காத வீட்டில் எந்த ஒழுங்கும் நிலைக்காது. இதைக் கவனிப்பதற்கென்றே அச்சகத்தில் சம்பளம் வாங்கியவர் வீட்டில் கவனித்தது மனைவியின் வாக்கியங்களை மட்டுமே.

அன்று முதல் ஒவ்வொரு மதியமும் வலி இறங்கிவரும். பொட்டலம் கண்ணைத் திறக்காமலே நகர்ந்து இடம் கொடுத்து, தாடையை அதன் மேல் வைத்துக்கொள்ளும். அவள் நிமிர்ந்து மொட்டை மாடிக்கு ஏறி, கொடியில் துணி உலர்த்துவாள். கை இரண்டையும் தலைக்கு மேல் தூக்குவதில் இவ்வளவு இன்பம் இருக்கிறதென்பதை அவள் மறந்தே போயிருந்தாள். நாய் எழுந்து உடம்பை உதறியதும் வலியும் எழுந்து, மாடிப்படி ஏறிவந்து, அவளுடைய முதுகில் தன் பழைய இடத்தில் அமர்ந்துகொள்ளும். ஓய்வெடுத்துத் திரும்பிய வலி அத்தனை மூர்க்கமாக இல்லை. மருத்துவர் ஒருவர் நேரில் வந்து, மேசைக்கு அடியில் குனிந்து பார்த்து, ஸ்கேனில் தெரியாததால் தன்னால் எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது என்று கூறிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார். நாத்தனாருக்கு வேறு யோசனை.

“இப்பதான் நிக்க முடியுதுல்ல? பரண்ல இருக்கிற பெட்டியெல்லாம் இறக்கித் துடைச்சிடேன்.”

“நீங்க ஏணியப் பிடிச்சுக்குங்க அக்கா, நான் உங்க தலையிலயே இறக்குறேன்,” என்றாள் அவள். பெட்டிகள் பரணிலேயே இருந்தன.

இப்படியே இரண்டு ஆண்டுகள் ஓடின. பொட்டலத்தின் மூக்கைச் சுற்றி நரைத்தது. மின்சார அளவு எடுக்க வருபவர், இரண்டையும் தாண்டிப் போய் அளவு எடுத்துவிட்டு, இரண்டையும் தாண்டித் திரும்பிப் போனார்.

அப்போதுதான் சர்வகலாசாலை தன் மேலதிகாரியைச் சாப்பிட அழைத்தான். பெரிய மனிதர் கால் நீட்டும் இடத்தில் வலி படுத்திருக்கலாமா என்ற கேள்வி நாத்தனாரை வாட்டியது. அவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மதியம், மேசையைச் சுட்டிக்காட்டித் தம்பிக்கு உத்தரவிட்டார்.

“அதக் காருல ஏத்தி, எங்கயாவது தூரமா கொண்டுபோய் விட்டுட்டு வாடா.”

எதை என்று கேட்பது அறியாமை. சர்வகலாசாலைக்கு அறியாமை கிடையாது. குனிந்து பார்த்தான். இரண்டில் எது தூக்குவதற்கு இலேசாக இருந்ததோ அதைத் தூக்கிக்கொண்டு போனான். மெய்ப்புத் திருத்துநர் அதே மேசையில், சிவப்புப் பேனாவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவள் இறங்கி வந்தபோது வலி தனியாக எழுந்து நின்று, படுக்கும் இடத்தையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. கார் திரும்பி வந்தது. சர்வகலாசாலை மட்டும் இறங்கினான்.

“நான் சொன்னது அத இல்லடா, அத!” என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார்.

“ரெண்டையும் அதுன்னா எப்படிக்கா? நீங்க தெளிவா சொல்லியிருக்கணும்.”

“நீ வாயத் தொறந்து கேட்டிருக்கணும், மடையா.”

“எங்க விட்டீங்க?” என்றாள் அவள்.

“புறவழிச் சாலை தாண்டி குடோன் வரிசை இருக்குல்ல அண்ணி, அங்க. நல்ல காத்தோட்டமான எடம்.”

முகமில்லாத வலி, மோப்பம் பிடிப்பதைப் போல் தரையை உரசிக்கொண்டு தெருவில் இறங்கியது. அவள் செருப்பைக்கூடத் தேடாமல் பின்னால் போனாள். லாரிகள் வலிக்காக வேகத்தைக் குறைத்தன, அவளுக்காகக் குறைக்கவில்லை. அன்று கிடைக்கவில்லை, மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள் மாலை, பூட்டிய குடோன் ஒன்றின் ஷட்டர் ஓரத்தில் வலி நின்றது. அங்கே பொட்டலம் எப்போதும் போலவே கச்சிதமாகச் சுருண்டு கிடந்தது, உடம்பு விறைத்திருந்தது. வலி அதன் அருகே படுத்து, அது நகர்ந்து இடம் கொடுக்கும் என்று காத்திருந்தது. அவளும் காத்திருந்தாள். பிறகு காவலாளி ஒரு மண்வெட்டி கொடுத்தார், எதற்கென்று கேட்கவில்லை. அந்த மூன்று நாட்களில் அவள் சந்தித்த ஒரே நாகரிகமான மனிதர் அவர்தான்.

குழி மூடியதும் வலி அவள் முன்னால் வந்து நின்றது. அவள் நிமிர்ந்து நின்றாள், சாலை திறந்து கிடந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு நடந்திருக்கலாம். ஆனால் அதன் மேல் பழுப்பு முடி ஒட்டியிருந்தது. பொட்டலத்தோடு படுத்துறங்கிய உயிர் என்று இந்த உலகத்தில் வேறு எதுவும் இல்லை. அவள் திரும்பி முதுகைக் காட்டினாள், அது ஏறிக்கொண்டது. சுவர்களைப் பிடித்துப் பிடித்து வீடு வந்து சேர இருட்டிவிட்டது.

“நாய்தானே, வேற ஒண்ணு வாங்கிக்கலாம்,” என்றார் நாத்தனார். வெளிநாட்டு இனங்களில் எது எத்தனை ஆண்டு வாழும் என்று சர்வகலாசாலை விளக்கினான்.  ஓய்வில்லாத வலி அவளைப் பாய் போல் சுருட்டிப் போட்டிருந்தது. கணவர் தனியாக இருந்த நேரம் பார்த்துச் சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள்.

“அக்கா சொன்னப்ப நீங்க அங்கதானே இருந்தீங்க?”

“இருந்தேன்.”

“அதுன்னா எதுன்னு உங்களுக்குத் தோணலையா?”

அவர் பேனாவை மூடினார். “தோணிச்சு.”

“தோணி?”

“ரெண்டுல எது போனாலும் வீடு கொஞ்சம் அமைதியா இருக்கும்னு நெனச்சேன்.”

கல்யாணமான நாள் முதல் அவர் வாயிலிருந்து வந்தவற்றில் பிழையே இல்லாத வாக்கியம் இது ஒன்றுதான் என்று அவளுக்குப் பட்டது. அவரை அவள் ஏறிட்டுப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபப்படுவதற்கு எதிரே ஓர் ஆள் இருக்க வேண்டும்.

“அப்ப நாளைக்கு மத்தியானம் அந்த எடத்துல நீங்க படுங்க.”

“நானா? எனக்கு முட்டி மடங்காதே.”

“பொட்டலத்துக்குக் கடைசியில மடங்குனது நிமிரல.”

அவர் படுத்தார். வலி அவரைச் சுற்றி வந்து, தயங்கி, பிறகு நெஞ்சின் மேல் பாதி உடம்பைச் சாய்த்தது. அவர் போட்ட அலறலில் பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. வலி அருவருத்து எழுந்து மாடிக்குப் போய்விட்டது. அவள் ஒரு சட்டையைக்கூட உலர்த்தி முடிக்கவில்லை. மறுநாளும் படுத்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடப்பதற்கு அவருக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்தது. நாய்க்கு அது முதல் நாளே வந்திருந்தது. தம்பி இப்படித் தரையில் கிடப்பது கௌரவமா என்று நாத்தனார் ஒருமுறை வாயெடுத்தார்; வேண்டுமானால் நீங்கள் ஒரு நாள் படுங்கள் என்று அவள் சொன்ன பிறகு அவருக்குக் கௌரவம் நினைவுக்கு வரவில்லை. சர்வகலாசாலையின் மேலதிகாரியும் ஒரு நாள் வந்து சாப்பிட்டார். கீழே யார் என்று கேட்டார், அண்ணன் என்றார்கள், காலை மடக்கி வைத்துக்கொண்டார்.

இறுதியில் முடிவு செய்யப்பட்டது இவ்வளவுதான்: மெய்ப்புத் திருத்துநர் அச்சகத்துக்கு அரை நாள் மட்டும் போவார். மதிய உணவுக்குப் பிறகு மேசைக்கு அடியில் படுப்பார். வலி அவரோடு படுக்கும். அந்த நேரத்தில் அவரோ மற்றவர்களோ பேசக் கூடாது. அவள் விரும்பினால் மாடிக்குப் போவாள், விரும்பினால் புறவழிச் சாலை தாண்டிக் குடோன் வரை நடந்துவிட்டு வருவாள். வேறு நாய் வாங்குவதில்லை. மன்னிப்பைப் பற்றி எந்த முடிவும் எடுக்கப்படவில்லை. அவர் கேட்கவில்லை, அவளும் அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கவில்லை.